ஐந்தாவது கார்டின் நடுச் சுரம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை, என் மச்சினியிடம் நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து வந்தது. மனதில் ஊற்றெடுத்தது, பேருந்தில் போகும்போது சட்டென்று தோன்றியது என்றெல்லாம் என்னுடைய மற்ற கதைகளைப் பற்றி அளந்திருக்கிறேன். இதற்கு அந்த வசதி கிடையாது. மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, காலை பதினொன்றரை மணி, என் வீட்டு முன்னறை. காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்து, "உனக்குக் காது இன்னும் பழகலம்மா" என்றேன்.

அவ்வளவுதான். அடுத்த மாதத்தோடு அவள் இசை செய்வதை விட்டுவிட்டாள். அவளுடைய கீபோர்டு இப்போது என் வீட்டில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், பழைய போர்வை சுற்றி நிற்கிறது. அதைத் தாண்டித்தான் நான் தினமும் குளிக்கப் போகிறேன்.

அன்று அவள் சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு என்று எனக்குத் தெரிந்து ஐந்து மாதம் ஆகிறது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வாய் வராததால் எழுத உட்கார்ந்தேன். எழுதவும் வரவில்லை என்பது போகப் போகத் தெரியும்.

2

முதல் தொடக்கம்:

"மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலைப் பொழுதில், இசைக்கலைஞன் ஒருவன் தன் ஜன்னலோரம் அமர்ந்து—"

இல்லை. காலை பதினொன்றரை என்று இப்போதுதானே சொன்னேன். மழையும் இல்லை. பக்கத்து வீட்டில் குழாய் வைப்பதற்காகச் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். தவிர, என்னை நானே 'இசைக்கலைஞன்' என்று சொல்லிக்கொண்டதைப் பார்த்தால் என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

இரண்டாவது தொடக்கம்:

"அவளுக்கு இசை தெரியாது. ஆனாலும் அவள்—"

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். என் புத்தி முழுக்க இதில் இருக்கிறது. அடித்துவிட்டேன். ஆனால் அடித்ததை நீங்கள் பார்க்க வேண்டும் என்று அப்படியே விட்டிருக்கிறேன்.

மூன்றாவது தொடக்கத்தில் இதெல்லாம் என் நண்பன் ஒருவனுக்கு நடந்ததாக எழுதினேன். நான்கு பக்கம் மளமளவென்று ஓடியது. நண்பன் தங்கமான மனுஷனாக வந்தான், தப்பு செய்தாலும் பாவமாக இருந்தது. கிழித்துப் போட்டேன். அவனுக்கு இவ்வளவு சலுகை காட்டுவானேன்?

3

சரி, என்னைப் பற்றி.

ஒரு மேடைக் குழுவுக்குப் பாட்டுக் கேட்டு எழுதிக் கொடுப்பது என் தொழில். திங்கட்கிழமை பாட்டு வரும். நான் கேட்பேன். எந்த அடியில் எந்தக் கார்டு வருகிறது, அடிச் சுரம் எங்கே நகர்கிறது என்று தாளில் எழுதுவேன். வியாழக்கிழமை ஒவ்வொரு வாத்தியக்காரர் கையிலும் ஒரு தாள் இருக்கும். இருபத்தாறு வருஷமாக இதுதான் பிழைப்பு. குழுவில் எனக்குப் பெயர் பாம்புக்காது. டிரம்ஸ்காரர் வைத்த பெயர். புதிதாக யாராவது குழுவுக்கு வந்தால், "அண்ணனுக்குப் பாம்புக் காதுப்பா. கொசு எந்தச் சுருதியில பாடுதுன்னு கேளு, சொல்லும்" என்று அறிமுகம் செய்வார். நான் 'அட போப்பா' என்பது போலக் கையை ஆட்டுவேன். உள்ளுக்குள் குளிர்ந்து போய்விடும்.

(கார்டு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஓர் அடைப்புக்குறி. மூன்று சுரங்களை ஒரே நேரத்தில் அழுத்தினால் அது ஒரு கார்டு. கீழே ஒன்று, மேலே ஒன்று, நடுவில் ஒன்று. கீழும் மேலும் சுவர் மாதிரி. நடுவில் இருப்பதுதான் வீட்டில் குடியிருக்கும் ஆள். அந்த நடுச் சுரம் அரைப்படி ஏறி நின்றால் கார்டு சிரிக்கும், அதற்கு மேஜர் என்று பெயர். அரைப்படி இறங்கினால் முகம் வாடிவிடும், அது மைனர். இந்தக் கதைக்கு இவ்வளவு போதும்.)

எழுத ஆரம்பிப்பதற்கு முன்னால் நானும் பல வருஷம் மேடையில் நின்று கீபோர்டு வாசித்தவன்தான். எப்போதும் ஒரே இடம், எப்போதும் வலது பக்கம் ஆளுயர ஸ்பீக்கர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் காது டாக்டர் ஒருவர் கண்ணாடி அறையில் என்னை உட்கார வைத்துப் 'பீப் கேட்டால் பட்டனை அழுத்துங்கள்' என்றார். இடது பக்கம் அழுத்தினேன், அழுத்தினேன். வலது பக்கம் வந்ததும் சும்மா உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்தேன். அவர் ஆரம்பித்து முடித்துவிட்டிருந்தார்.

"வலது காது பாதிக்கு மேல போயிடுச்சு சார். ஒரு மிஷின் வச்சுக்கலாம், நல்லா கேக்கும்."

ரிப்போர்ட்டை மடித்து அகராதிக்குள் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பாம்புக்காது போய் மிஷின் வைத்துக்கொண்டால் திங்கட்கிழமை பாட்டு யார் வீட்டுக்குப் போகும்? அன்றிலிருந்து ஹெட்ஃபோனை இடது காதில் மட்டும் வைத்து, வலது பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிக்கொள்வேன். யாராவது கேட்டால், "பெரிய ஸ்டுடியோல எல்லாரும் இப்படித்தான் கேப்பாங்க" என்பேன். குழுவில் இரண்டு பேர் அதைப் பார்த்து அதே மாதிரி மாட்டிக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள். இதை எழுதும்போது கூசுகிறது.

4

அவளைப் பற்றி எழுதுவதில்தான் சிக்கல். முதல் வரைவில் மச்சினியைச் சாதுவான பெண்ணாக எழுதியிருந்தேன். பெரிய கண்கள், மெல்லிய குரல், இரண்டு இடத்தில் கண்ணீர். படித்துப் பார்த்தால் யாரோ தெருவில் போகிற பெண் மாதிரி இருந்தது. அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. குரலும் மெல்லியது இல்லை. அவள் படியேறி வரும்போதே கீழ்வீட்டு நாய் எழுந்து நிற்கும்.

வயது நாற்பத்து மூன்று. மூக்குக் கண்ணாடிக் கடையில் வில்லை அரைக்கும் வேலை. கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, ஒரு அரவை மிஷின், ஒரு குழாய். வட்டமாக வரும் வில்லையை, சட்டத்தின் அளவுக்கு ஓரம் அரைத்துக் கொடுக்க வேண்டும். இருபது வருஷத்தில் ஒரு வில்லைகூட இடம் மாறிப் போனதில்லை என்பது அவளுடைய பெருமை. ஒவ்வொன்றின் மேலும் சின்னப் பேனாவால் இடது, வலது என்று குறி போட்டுத்தான் கையில் எடுப்பாள். "மாத்திப் போட்டுட்டா அந்த ஆளுக்கு உலகமே சாஞ்சிடும் அத்தான். படியில உருண்டுடுவாரு" என்பாள்.

அந்த அரவை மிஷினின் ரீங்காரத்தைத்தான் அவள் முதலில் செல்போனில் பதிவு செய்தாள். வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரில் போட்டு நீட்டினாள், அறுத்தாள், சுருதி ஏற்றினாள். திரையில் வரும் கட்டங்களில் மவுசால் புள்ளி வைத்துப் புள்ளி வைத்து அதிலிருந்து ஒரு பாட்டைச் செய்தாள். எந்தக் கட்டம் எந்தச் சுரம் என்று அவளுக்குத் தெரியாது. நன்றாக இருந்தால் வைப்பாள், இல்லாவிட்டால் நகர்த்துவாள். அதில் வலது காதுக்கு ஒன்று, இடது காதுக்கு ஒன்று என்று பிரித்து வைப்பதில் அவளுக்குத் தனி ருசி. தொழில் புத்தி.

எட்டு நிமிடப் பாட்டு. அதற்குப் பெயர் கிடையாது. கோப்பின் பெயர் மட்டும் 'கடைசி-சத்தியமா-கடைசி'.

இன்னொன்றும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். என் கதைகளை முதலில் படிப்பவள் அவள்தான். கையில் பென்சிலோடு படிப்பாள். ஒற்றுப் பிழை, கால் விட்டுப்போனது, ஒரே ஆளுக்கு இரண்டு பக்கத்தில் இரண்டு வயது, எல்லாம் அவள் கண்ணில் படும். அவள் பார்க்காமல் ஒரு கதைகூடப் பத்திரிகைக்குப் போனதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்று உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும்.*

* புரியாவிட்டால் பரவாயில்லை. பத்தாவது பகுதியில் நானே வந்து மாட்டிக்கொள்கிறேன்.

5

பிப்ரவரியில் அவளுடைய கம்ப்யூட்டரின் டிஸ்க் செத்தது. கட்டங்கள், புள்ளிகள், அவள் செய்துவைத்திருந்த ஓசைகள் எல்லாம் போயின. அக்காவுக்கு, அதாவது என் மனைவிக்கு, எப்போதோ செல்போனில் அனுப்பியிருந்த ஒரு கோப்பு மட்டும் தப்பியது. கேட்கலாம். திறந்து பார்க்க முடியாது. சுட்ட செங்கல்லிலிருந்து மண்ணை எடுக்க முடியாது இல்லையா, அந்த மாதிரி.

ஏப்ரலில் ஒரு படிப்பகத்தின் மாடியில், வீட்டிலேயே இப்படி இசை செய்கிறவர்கள் கூடுவதாக இருந்தார்கள். ஞாயிறு மதியம், ஆளுக்குப் பத்து நிமிடம். ஒரே ஒரு நிபந்தனை, கோப்பை ஓடவிட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. கையால் வாசிக்க வேண்டும். அவள் பெயர் கொடுத்திருந்தாள். தன் பாட்டை நாலு பேர் முன்னால் வாசிப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. ஒரு கீபோர்டும் வாங்கிவிட்டாள். ஆனால் தான் செய்த பாட்டில் என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது.

"அத்தான், என் பாட்டை எனக்கே எழுதிக் குடுங்க" என்று வந்து நின்றாள். "சிரிக்காதீங்க."

நான் சிரிக்கவில்லை. பாம்புக்காதுக்குப் பெருமை தாங்கவில்லை.

6

(இந்தப் பகுதியை ஐந்து தடவை எழுதினேன். ஐந்திலும் நான் தெரியாமல் தப்பு செய்தவனாகவே வந்தேன். இது ஆறாவது.)

சனிக்கிழமை காலை கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். என் வலது பக்கத்து நாற்காலியில் உட்காரப் போனாள். "இந்தப் பக்கம் வாம்மா, அங்க ஃபேன் காத்து வராது" என்று இடது பக்கம் மாற்றினேன். பொய்யில் முதல் தவணை.

பக்கத்து வீட்டில் சுவர் துளைக்கும் சத்தம். ஸ்பீக்கரில் கேட்க முடியாது. ஹெட்ஃபோனை இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டேன்.

இந்த மாதிரிப் பாட்டைக் கேட்டு எழுதுவது லேசுப்பட்ட வேலை இல்லை. கிதார் என்றால் கம்பி தெரியும். பியானோ என்றால் விரல் தெரியும். இதில் எது எதன் சத்தமென்றே தெரியாது. எல்லாம் கரைந்து ஒன்றாக வரும். முதலில் அடிச் சுரத்தைப் பிடிக்க வேண்டும். வாய்க்குள் முனகிக்கொண்டே கீபோர்டில் தேடி அதை அழுத்திப் பார்க்க வேண்டும். பிறகு உச்சியில் இருப்பதைப் பிடிக்க வேண்டும். கடைசியில்தான் நடுச் சுரம். அதுதான் எப்போதும் ஒளிந்துகொள்ளும்.

முதல் கார்டு ஏ மைனர். இரண்டாவது இ மைனர். பிறகு மறுபடி அதே இரண்டும். நான்கையும் இருபது நிமிடத்தில் எழுதிவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் அவள், "ஐயோ, ஆமா, இதேதான்!" என்று கையைத் தட்டினாள். ஐந்தாவதில் அடியில் டி கேட்டது. உச்சியில் ஏ கேட்டது. நடுவில் ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பக் கேட்டேன். ஒன்றும் இல்லை. இரண்டு சுவரும் நின்றன, ஆளைக் காணோம்.

எங்கள் தொழிலில் இந்த மாதிரி இடத்துக்கு ஒரு வழி இருக்கிறது. பழக்கம். ஏ மைனரில் நடக்கும் பாட்டில் டி வந்தால், அது மைனராகத்தான் வரும். நூற்றுக்குத் தொண்ணூறு பாட்டில் அப்படித்தான். காதுக்கு எட்டாத இடத்தைப் பழக்கத்தால் நிரப்பி, 'டி மைனர்' என்று பேனாவால் எழுதினேன். அவள் கீபோர்டில் அந்த மூன்று கட்டைகளையும் காட்டி அழுத்தச் சொன்னேன்.

அழுத்தினாள். முகம் சுருங்கிவிட்டது.

"இது அழுவுது அத்தான்."

"மைனர் அப்படித்தான்மா இருக்கும்."

"இல்ல, என்னோடது இந்த இடத்துல சிரிக்கும். நாலு சத்தம் அழுதுட்டு வரும், அஞ்சாவதுல பட்டுனு சிரிச்சிடும். அதுக்காகத்தான் பாட்டே பண்ணேன்." கொஞ்சம் யோசித்தாள். "அந்த இடத்துல வலது காதுல ஒண்ணு வரும். நல்லா கேளுங்க."

வலது காதில்.

நிறுத்துகிறேன். இங்கேதான் எனக்குத் தெரிந்துவிட்டது. முழுதாகத் தெரியவில்லை, ஒரு நெருடல் மாதிரி. ஹெட்ஃபோனைக் கழற்றித் திருப்பி மாட்டியிருந்தால் ஐந்து வினாடியில் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஏன் அத்தான் திருப்பி மாட்டுறீங்க?' என்று கேட்பாள். எனக்கு அந்தக் கேள்வி வேண்டாம்.

"அது எதிரொலிம்மா" என்றேன். "இவ்ளோ எஃபெக்ட் போட்டா, இல்லாத சுரம் இருக்குற மாதிரி கேக்கும். அதை நம்பக்கூடாது."

இதில் கொடுமை என்னவென்றால், பொதுவாகப் பார்த்தால் இது உண்மைதான். சில பாட்டுகளில் அப்படி நடக்கும். பாதி உண்மையாக இருந்ததால் சொல்லும்போது குரல் நடுங்கவில்லை.

"நான் வச்ச மாதிரி ஞாபகம் இருக்கே?"

"எந்தக் கட்டத்துல வச்சே?"

"அது தெரியாதே."

"பழைய சத்தமெல்லாம் போயிடுச்சுல்ல. இப்ப வேற சத்தத்துல வாசிக்கிறே, அதான் உனக்கு வித்தியாசமா தெரியுது."

அவள் கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நடு விரலை வெள்ளைக் கட்டையிலிருந்து மெதுவாக எடுத்து, பக்கத்திலிருந்த கறுப்புக் கட்டையில் வைத்து, மூன்றையும் சேர்த்து அழுத்தினாள்.

"இதுவா?"

டி மேஜர். அறையில் யாரோ ஜன்னலைத் திறந்த மாதிரி இருந்தது. அவள் என் இடது பக்கம் இருந்தாளே, எனக்கு நன்றாகவே கேட்டது. எவ்வளவு அழகாக இருக்கிறது என்றும் தெரிந்தது. மற்ற நான்கு கார்டும் எதற்காகக் காத்திருந்தன என்றும் தெரிந்தது.

ஆனால் தாளில் பேனாவால் எழுதியாயிற்று. நான் அவள் விரலைப் பிடித்து, கறுப்பிலிருந்து எடுத்து, வெள்ளையில் வைத்தேன்.

"அது இந்தப் பாட்டுல வராதும்மா. உனக்குக் காது இன்னும் பழகல."

"சரி அத்தான்" என்றாள். "நீங்க சொன்னா சரிதான்."

7

"அரங்கம் நிரம்பி வழிந்தது. விளக்குகள்—"

இல்லை. இருபத்திரண்டு பேர். பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒருவர் தன் பேரப்பிள்ளையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தார். நானும் என் மனைவியும் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம்.

அவள் ஒரு தப்பும் இல்லாமல் வாசித்தாள். நான் எழுதிக் கொடுத்த தாளை நூல் பிசகாமல் வாசித்தாள். நான்கு கார்டு அழுதது, ஐந்தாவதும் அழுதது, அப்படியே எட்டு நிமிடம். முடிந்ததும் கை தட்டினார்கள். மரியாதைக்குத் தட்டுகிற கைதட்டல் எனக்குத் தெரியும், மேடைக்காரன் ஆயிற்றே.

திரும்பி வரும்போது பேருந்தில் அக்கா தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னாள்:

"என்னமோ பெருசா பண்ணிட்டேன்னு நெனச்சிட்டிருந்தேங்க்கா. வாசிச்சுப் பாத்தாதான் தெரியுது, ஒண்ணுமே இல்ல. அந்தக் கோப்புல கேக்குறது கூட எதிரொலியாம். அத்தான் சொன்னாரு. இல்லாததைக் கேட்டுக்கிட்டு நானே சந்தோஷப்பட்டுட்டிருந்திருக்கேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வாரம் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இது இங்க இருக்கட்டும்க்கா, எங்க வீட்டுல இடம் அடைக்குது." அவள் தனியாக இருக்கிறாள், இரண்டு அறை வீடு. இடத்துக்கு என்ன பஞ்சம்? அக்கா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. போர்வை மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.

8

ஜூன் மாதம் என் ஹெட்ஃபோனில் இடது பக்கத்து ஒயர் செத்தது. வியாழக்கிழமைக்குத் தாள் கொடுக்க வேண்டும். கடைக்குப் போக நேரமில்லை. அறையில் யாரும் இல்லை என்பதால், கூச்சப்படாமல் ஹெட்ஃபோனைத் திருப்பி, உயிரோடிருந்த வலது பக்கத்தை என் இடது காதில் வைத்துக்கொண்டேன். குழுவின் பாட்டு முடிந்தது. அதற்கு அடுத்ததாக இருந்த கோப்பு தானாக ஓட ஆரம்பித்தது. 'கடைசி-சத்தியமா-கடைசி'.

கையை நீட்டினேன், நிறுத்துவதற்கு. ஆனால் நிறுத்தவில்லை.

நான்கு கார்டு போயிற்று. ஐந்தாவது வந்தபோது, இத்தனை நாள் எனக்குக் கேட்காமலிருந்த அந்த ஒரு சுரம், காதுக்கு அருகில் வந்து தெளிவாக நின்றது. எதிரொலியாவது மண்ணாவது. அரவை மிஷின் வில்லையைத் தொடும்போது எழும் கீச்சொலியை இழைத்து இழைத்துச் செய்த சுரம். வலது பக்கத்தில் மட்டும் வைத்திருக்கிறாள். கறுப்புக் கட்டை. அவள் விரல் வைத்த அதே கட்டை.

எத்தனை தடவை ஓடவிட்டேன் என்று தெரியாது. என் முகத்தை எனக்கே பார்க்கப் பிடிக்கவில்லை.

அப்போது என் மனைவி ஏதோ கேட்டுக்கொண்டே வந்தாள். சமையலறை எனக்கு வலது பக்கம். அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு, நாற்காலியை ஒதுக்கி, இடது பக்கமாக வந்து நின்றாள். அவள் எப்போதும் அப்படித்தான் வருகிறாள் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

"எதுக்கு இப்படிச் சுத்திக்கிட்டு வர்றே?"

"அந்தப் பக்கம் நின்னா உங்களுக்குக் கேக்காதே."

ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தேன். "எப்பலேருந்து தெரியும்?"

"ரெண்டு வருஷமாச்சு. அகராதியில வார்த்தை பாக்கப் போனேன்." மேசைத் துணியை இழுத்துச் சரி செய்தாள். "நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"உன் தங்கச்சிக்கு?"

"அவகிட்ட எதுக்குச் சொல்றேன்? காதை வச்சுப் பொழைக்கிற மனுஷன், மானத்தோட இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அவள் ஒரே ஒரு வார்த்தை தங்கையிடம் சொல்லியிருந்தால், அந்தச் சனிக்கிழமை தங்கை என்னை நம்பியிருக்க மாட்டாள். என் மானத்தை அக்கா காப்பாற்றினாள். அந்த மானத்தை வைத்து நான் தங்கையின் பாட்டைக் கெடுத்தேன். கார்டு விஷயத்தை மனைவியிடம் அன்றும் சொல்லவில்லை.

9

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் நான் கண்ணாடிக் கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்கிறேன். அவள், "ஐயோ அத்தான், இதுக்கா இவ்ளோ!" என்று சிரித்து மன்னித்துவிடுகிறாள். படிக்க இதமாக இருந்தது. மன்னிப்பை அவள் கையிலிருந்து நானே பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

இரண்டாவதில் அவளே ஒருநாள் தற்செயலாகக் கறுப்புக் கட்டையை அழுத்தி உண்மையைக் கண்டுபிடிக்கிறாள். அதற்கு அவள் கீபோர்டைத் தொட வேண்டும். அது என் வீட்டில் போர்வைக்குள் இருக்கிறது.

மூன்றாவதில் கதைசொல்லிக்கு இரண்டு காதும் போய்விடுகிறது. தண்டனை. பாராவை முடித்துவிட்டு ஒரு காபி குடித்தேன், நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைப் பார்த்ததும் அதையும் கிழித்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். ஜூலையில் நிஜமாகவே கடைக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். பின்னறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன அத்தான் இந்தப் பக்கம்? கண்ணு மங்கிடுச்சா?"

"ஆமா" என்றேன்.

அவ்வளவுதான், பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். எதிர்ச் சுவரில் எழுத்து படிக்கச் சொன்னார்கள். படித்தேன். அவள் உள்ளே போய் வில்லை அரைத்தாள். அந்த மிஷினின் சத்தம் கடை முழுக்க வந்தது, பாட்டில் வருகிற அதே சத்தம். புதுக் கண்ணாடியை என் மூக்கில் வைத்து, இரண்டு பக்கமும் காதுக்குப் பின்னால் விரலால் சரி பார்த்தாள்.

"இடது, வலது சரியா இருக்கா அத்தான்? படி சாயுதா?"

"சரியா இருக்கும்மா."

"கதை ஏதும் எழுதலையா? பென்சில் சீவி வச்சு எவ்ளோ நாளாச்சு."

"எழுதிட்டிருக்கேன்" என்றேன். அதுவும் அப்போது பொய்தான்.

சொல்லப் போனவன் மூக்குக் கண்ணாடியோடு வீடு திரும்பினேன். இதை எழுதுவது அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான். எழுத்தெல்லாம் துல்லியமாகத் தெரிகிறது.

10

இன்று காலை இந்தத் தாள்களை உறையில் போட்டு, வழக்கம் போல, கடைப் பக்கம் போகிற மனைவியிடம் கொடுத்தேன். "உன் தங்கச்சிகிட்ட குடுத்துடு."

உறையைத் தூக்கிப் பார்த்தாள். "கனமா இருக்கே. யாராவது சாகுறாங்களா இதுல?"

"இல்ல."

"அப்ப சரி" என்று பையில் வைத்துக்கொண்டாள். அவள் கிளம்புவதற்குள் இந்தக் கடைசித் தாளையும் எழுதி அதே உறையில் செருகிவிடுவேன். அவளும் இதைப் படிக்கத்தான் போகிறாள். எட்டாவது பகுதி அவளுக்கும் சேர்த்து எழுதியதுதான்.

வாசகரே, நீங்கள் இதை அச்சில் படிக்கிறீர்கள் என்றால் இது என் மச்சினியின் பென்சிலைத் தாண்டி வந்திருக்கிறது. அவள் என்ன செய்தாள் என்று எனக்கு இன்னும் தெரியாது, அதனால் உங்களுக்கும் சொல்ல முடியாது. முடிவு அவளுடையது. இதுவரை உங்களிடம் பேசினேன். நீங்கள் இருக்கலாம், ஆனால் இனி அவளிடம்தான் பேச வேண்டும்.

அம்மா, நான்தான்.

எட்டுப் பக்கம் சுற்றிவிட்டுத்தான் உன்னிடம் வந்தேன், பார். ஆறாவது பகுதியில், 'அது இந்தப் பாட்டுல வராதும்மா' என்று ஒரு வரி இருக்கிறது. பென்சிலை அங்கே வை. ஒற்று, கால் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் இந்தக் கதையில் நீ திருத்த வேண்டிய இடம் அது ஒன்றுதான். ஐந்தாவது கார்டு டி மேஜர். உன் காது பழகித்தான் இருந்தது. வலது பக்கத்தில் நீ வைத்தது, நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது. எனக்குத்தான் அந்தப் பக்கம் கேட்காது. அதை மறைக்க உன் விரலைப் பிடித்து நகர்த்தினேன். அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதற்கு இதைவிட நல்ல வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை.

போர்வையை எடுத்துத் துவைக்கப் போட்டுவிட்டேன். கீபோர்டு முன்னறை மேசையில் இருக்கிறது. கட்டைகளை நான் தொடவில்லை.

கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். நீ என்ன எழுதினாலும் அப்படியே பத்திரிகைக்குப் போகும். ஒன்றும் எழுதாவிட்டாலும் அப்படியே போகும். திட்டுவதானால் மட்டும் எழுதாதே, நேரில் வா. என் இடது பக்கம் நின்று திட்டு. அந்தப் பக்கம்தான் எனக்குக் கேட்கும்.